கரையேறி நிற்கும் கப்பல்: வாசகர் கேள்வி–பதில்

கனடாவின் யூக்கான் ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்றும், அவற்றுள் 'கிளாண்டைக்' என்ற கப்பல் வைட்ஹார்ஸ் நகரில் ஆற்றங்கரையில் பாதுகாக்கப்படுகிறது என்றும் சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் எதிர்பாராத அளவுக்குப் பெருகிவிட்டமையால், இம்முறை வேறு எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளாமல் அக்கடிதங்களுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நீங்கள் எழுதிய கப்பலை நான் நேரில் பார்த்தவள். சென்ற கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அழைத்துச் சென்று காட்டினார்கள். வெள்ளை வண்ணம் பூசி, அடுக்கு மாளிகை போல உயர்ந்து, புல்தரையில் நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறது. கப்பலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித் தண்ணீரிலிருந்து எடுத்து வைப்பது, மீனைக் காப்பாற்றுகிறேன் என்று தரையில் போடுவது போல இல்லையா? மருமகனிடம் கேட்டால், "ஆற்றில் விட்டிருந்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கியிருக்காது, அத்தை" என்கிறார். எது சரி?
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் மருமகன் சொன்னதே சரி. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

யூக்கான் ஆறு ஆண்டில் பாதிக்கு மேல் உறைந்து கிடப்பது. கப்பல்கள் ஓடியது கோடையை ஒட்டிய சில மாதங்களில் மட்டுமே. இலையுதிர் காலம் முடிந்ததும் அவற்றை வைட்ஹார்ஸ் கட்டுதளத்தில் பக்கவாட்டாக இழுத்துக் கரையேற்றிக் கட்டைகளின் மேல் நிறுத்திவிடுவார்கள், பனி உடைந்த பின்புதான் மறுபடியும் இறக்குவார்கள். இப்படிச் செய்யாமல் ஆற்றிலேயே விட்டால், உறையும்போது பனிக்கட்டி நாற்புறமும் நெருக்கும். உருகும்போது பெயர்ந்து வரும் பாளங்கள் மரப்பலகையைக் கிழித்துவிடும். ஆகவே, ஓடிய நாள்களிலேயே இந்தக் கப்பல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தரையில்தான் கழித்தது. மீன் உவமை நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும், ஆமையைச் சொல்லியிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும்.

மருமகன் சொல்லாத பாதி, இவ்வகைக் கப்பல் கட்டப்பட்ட முறையைப் பற்றியது. கடலோடும் மரக்கலங்களுக்கு 'ஏரா' என்று நம் கரையோரத்தார் சொல்லும் அடிமரம் முதுகெலும்பாக இருக்கும். ஆழமற்ற, மணல்திட்டுகள் நிறைந்த ஆற்றில் அப்படியொரு அடிமரம் தரை தட்டும் என்பதால், கிளாண்டைக்கின் அடிப்பாகம் தட்டையாகவே அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 64 மீட்டர் நீளமான அந்த உடலின் முன்புறம் கொதிகலனும், பின்புறம் எஞ்சின்களும் பெரிய துடுப்புச் சக்கரமும் உட்கார்ந்திருக்கின்றன. நடுப்பகுதியோ தண்ணீரில் மேலே மிதக்க விரும்பும். முதுகெலும்பு இல்லாத உடல் இப்படி இரு முனையிலும் சுமையைத் தாங்கினால் நடுவில் கூன் விழும். அதைத் தடுக்க, தளத்தின் மேல் தடித்த கம்பங்களை நட்டு, அவற்றின் தலைவழியாக முன்முனையிலிருந்து பின்முனைக்கு இரும்பு வடங்களை இழுத்துக் கட்டி, திருகு முறுக்கிகளால் வேண்டிய அளவுக்கு இறுக்கிவைத்தார்கள். கப்பல் சற்றுத் தொய்ந்தால் ஒரு சுற்று முறுக்குவார்கள், விறைத்தால் ஒரு சுற்றுத் தளர்த்துவார்கள். கிட்டத்தட்ட ஓர் இசைக்கருவிக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்ற வேலை. அடுத்த முறை போகும்போது, விறகு அடுக்கியிருக்கும் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த வடங்களும் கம்பங்களும் கூரையை ஊடுருவிப் போவது தெரியும். மேல்தளத்து உணவுக்கூடத்து வெள்ளை மேசைவிரிப்புகளைப் படம் பிடிப்பவர்களுள் பெரும்பாலோர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தரையில் நிறுத்தியதும் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது என்பதுதான் சிக்கல். தண்ணீர் அடிப்பாகம் முழுவதையும் சமமாகத் தாங்கும். கட்டைகள் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே தாங்கும். போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் நிலத்தின் ஈரம் உறைந்து மண் மேலெழும்பி, வசந்தத்தில் மறுபடி இறங்கும் ஊர் அது. ஒரு கட்டை சிறிது இறங்கினாலும் அதன் மேலுள்ள பலகை நோகும். எனவே, தரைக்கு வந்ததால் கப்பல் பிழைத்தது என்று சொல்வதைவிட, தரைக்கு வந்ததால் அது சாகும் விதம் மாறியது, அந்த விதம் மெதுவானது என்பதால் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைத்தது என்று சொல்வதே பொருத்தம்.

கேள்வி: கட்டுதளத்திலிருந்து இப்போது நிற்கும் இடத்துக்கு இவ்வளவு பெரிய மரக்கப்பலைப் பிரிக்காமல் எப்படிக் கொண்டுவந்தார்கள்? சோப்புப் போட்டு இழுத்ததாக எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லை.
— வாசகர், திருவாரூர்

பதில்: நம்பலாம். 1955ஆம் ஆண்டு ஜூலையில் கடைசிப் பயணத்தை முடித்துக் கரையேறிய கிளாண்டைக்கை, அதன் உரிமையாளர்களான நிறுவனத்தார் 1960இல் கனடா அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தனர். 1966இல் அது கட்டுதளத்திலிருந்து ஊரின் தெருக்கள் வழியாகவே நகர்த்தப்பட்டது. உருளைகளாக மரத்தடிகளை அடியில் போட்டு, வழுக்குவதற்காக எட்டு டன் பாமோலிவ் சோப்பைப் பூசி, மூன்று புல்டோசர்களைக் கொண்டு, பன்னிரண்டு பேர் மூன்று வாரம் இழுத்தார்கள். தேரோட்டம் பார்த்து வளர்ந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு முட்டுக்கட்டை போடுவதிலும் எடுப்பதிலும் உள்ள நுட்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தேருக்குச் சக்கரம் உண்டு, இதற்கு இல்லை.

இந்த இடமாற்றம் அப்போது வீண் செலவாகச் சிலருக்குத் தோன்றியிருக்கக்கூடும். எட்டு ஆண்டு கழித்து, 1974 ஜூனில், பழைய கட்டுதளத்திலேயே நின்றுகொண்டிருந்த 'காஸ்கா', 'வைட்ஹார்ஸ்' ஆகிய இரண்டு கப்பல்களும் தீப்பற்றி முற்றாக எரிந்துபோயின. பல பத்தாண்டு வெயிலில் உலர்ந்த மரமும் அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசிய எண்ணெய் வண்ணமும் எரிய எவ்வளவு நேரமாகும்? அதே கதை 1990இல் தெற்கே கார்கிராஸ் என்ற சிற்றூரில் திரும்பவும் நடந்தது. அங்குக் கரையில் நிறுத்திப் பழுதுபார்த்துவைத்திருந்த 'டூஷி' என்ற கப்பலும் தீக்கு இரையானது. யூக்கானில் ஒரு காலத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நீராவிக் கப்பல்கள் ஓடின என்பதையும், இப்போது மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தரையில் நிற்கும் மரக்கப்பலுக்கு முதல் எதிரி எது என்பது விளங்கும். இவ்வகைக் கப்பல் ஒன்றைக் காக்கப் புறப்படுபவர்கள் வண்ணப்பூச்சுக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் தீயணைப்புக் குழாய்க்கும் இரவுக் காவலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். படம் எடுத்தால் குழாய் அழகாக இருக்காது என்று சொல்லும் குழுக்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன.

இழுக்காமல் ஓட்டியே கொண்டுபோன கதையும் ஒன்று உண்டு. 1922இல் கட்டப்பட்ட 'கீனோ' என்ற சிறிய கப்பலை 1960 ஆகஸ்டில் மறுபடி நீராவி ஏற்றி, தானாகவே ஆற்றில் ஓடவிட்டு டாசன் நகருக்குக் கொண்டுசேர்த்தார்கள். இடையில் கார்மாக்ஸ் என்ற இடத்தில் புதிதாகப் போட்ட சாலைப் பாலம் தாழ்வாக இருந்ததால், புகைபோக்கியையும் மாலுமியின் கூண்டையும் தாழ்த்தித்தான் பாலத்தைக் கடக்க முடிந்தது. கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்தது சாலை. கடைசிப் பயணத்திலும் அந்தச் சாலைக்குத் தலைகுனிந்துதான் போக வேண்டியிருந்தது.

கேள்வி: நான் படகு கட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவன். மரக்கலம் தண்ணீரை விட்டுப் பல மாதம் கரையில் கிடந்தாலே பலகை சுருங்கி இடைவெளி விட்டுவிடும், கலப்பற்று உதிர்ந்துவிடும். ஐம்பது, அறுபது ஆண்டு நின்றால் என்ன மிஞ்சும்? மாற்றிப் போட்ட பலகைகளைக் கழித்தால், அது பழைய கப்பல்தானா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது, இதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். (மற்ற வாசகர்களுக்கு: பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் தார் தோய்த்த நாரை உளியால் அடித்து அடைப்பதே கலப்பற்று.) நீங்கள் சொல்வது போலவே நடக்கும். அப்படி நின்ற கப்பலை அப்படியே ஆற்றில் இறக்கினால் சல்லடைதான். ஆனால் இனி அது மிதக்கப் போவதில்லை என்று முடிவான பின், கீழிருந்து வரும் நீரைத் தடுப்பது கவலையாக இருப்பதில்லை. மேலிருந்து வரும் நீரே கவலை. உப்பு நீர் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சையை ஓரளவு அடக்கிவைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மழைநீருக்கு அந்தக் குணம் கிடையாது. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. அதற்கு மேல் ஏறி அங்கேயே தங்கினால், வண்ணம் மாறாமலே உள்ளே மரம் மாவாகிவிடும். வைட்ஹார்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் 300 மில்லிமீட்டரைத் தொடாது என்பது கிளாண்டைக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். அப்படியிருந்தும், கித்தான் விரித்து வண்ணம் பூசிய மேல்தளங்களில் ஒரு தையல் விட்டால் போதும், அதன் வழியாக இறங்கும் நீர் தூணின் தலையிலும், பலகை முனைகளிலும், ஆணித்துளைகளிலும் போய்த் தங்கும். கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்து ஓசையில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் உங்கள் முறையைத்தான் அங்கும் கையாளுகிறார்கள். ஈரமானி என்ற கருவி கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

'அது பழைய கப்பல்தானா' என்ற கேள்விக்கு வருவோம். கிளாண்டைக் என்ற பெயரில் முதலில் ஒரு கப்பல் 1929இல் கட்டப்பட்டது. சரக்குத் தோணி எதையும் முன்னால் தள்ளிச் செல்லாமல் முந்நூறு டன் சரக்கைத் தன் உடலிலேயே ஏற்றக்கூடிய முதல் யூக்கான் கப்பல் அதுவே. ஏழே ஆண்டில், 1936 ஜூனில், ஆற்றின் வேகமான ஒரு வளைவுப் பகுதியில் தரை தட்டி உடைந்தது. உரிமையாளர்கள் கண்ணீர் விட்டு நிற்கவில்லை. எஞ்சினையும் கொதிகலனையும் மேல்கட்டில் கழற்றக்கூடியவற்றையும் கழற்றிவந்து, புதிய உடல் ஒன்றைக் கட்டி, அதே பெயரில் 1937 மே மாதத்தில் ஆற்றில் இறக்கிவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது அந்த இரண்டாம் கப்பல்; அதன் எஞ்சின் அதன் உடலைவிட மூத்தது. மர உடல் சில பருவங்கள் உழைத்து ஓயும், எஞ்சின் அடுத்த உடலுக்குப் போகும் என்பதே அந்த ஆற்றின் நடைமுறை. இவை நெடுங்காலம் நிற்க வேண்டும் என்று யாரும் கட்டவில்லை. ஆகவே பலகை மாற்றுவது பழைய கப்பலைக் கெடுப்பதாகாது. அந்தக் கப்பலின் இயல்பே அதுதான். கெடுப்பது எதுவென்றால், என்று எந்தப் பலகையை, எந்த மரத்தால், எந்த இணைப்பு முறையில் மாற்றினோம் என்று எழுதிவைக்காமல் மாற்றுவது. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தைச் சாய்வு இணைப்பில் ஒட்டுப் போட்டு, உள்பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவைத்தால் பின்னால் வருபவருக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கிளாண்டைக்கை 1937 முதல் 1940 வரை இருந்த தோற்றத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். சாலை வந்து சரக்குப் போக்குவரத்து நின்ற பின், 1953 முதல் 1955 வரை அதைச் சுற்றுலாப் பயணிகளுக்காக மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள், அது கட்டுபடியாகவில்லை. உழைத்த காலத்தைக் காட்டுவதற்காக, பிழைக்கப் போராடிய காலத்தின் தடத்தை அழிக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தைத்தானே காட்ட முடியும் என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் தோற்றுப்போன அந்த மூன்று பருவங்களுக்கும் ஒரு மூலை விட்டிருக்கலாம்.

தரைக்குப் போன கப்பல் மறுபடி ஆற்றுக்கு வந்ததே இல்லையா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றில் 1866இல் கட்டப்பட்ட 'அடிலெய்டு' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலை எச்சூக்கா நகரப் பூங்காவில் தரையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பிறகு பலகைகளைச் சரிசெய்து 1980களில் ஆற்றில் இறக்கினார்கள், நீராவியிலேயே ஓடவும் வைத்தார்கள். அந்த ஆறு உறைவதில்லை. கரையிலேயே செம்பிசின் மரம் என்ற உறுதியான மரம் வளர்கிறது. அதைச் செதுக்கத் தெரிந்த கைகளும் ஊரில் இருந்தன. இந்த மூன்றும் வைட்ஹார்ஸில் கிடையாது.

கேள்வி: பழைய கொதிகலனில் மறுபடி தீ மூட்டி, இத்தகைய கப்பல்களை ஓட்டிக் காட்டுவதுதானே உண்மையான பாதுகாப்பு? தடை என்ன?
— இயந்திரப் பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தடை இரண்டு: அழுத்தமும் சட்டமும். ரயில் எஞ்சினில் இருப்பதைப் போன்ற கொதிகலனில் தீக்குழாய்கள் நீரைத் துளைத்துக்கொண்டு போகும். குழாய்ச் சுவரின் உட்புறம் எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அளந்து, நீரழுத்தச் சோதனை செய்து, ஆய்வாளர் கையெழுத்திட்ட பின்பே தீ மூட்டலாம். சோதனையில் தேறாவிட்டால் புதுக் கொதிகலன் வைக்க வேண்டும். வைத்தால், காட்சிக்குரிய பொருள்களில் முக்கியமான ஒன்று வெளியே போய்விடும். ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றினால் பழமை குறையும். ஓட்டாவிட்டால், அதை ஓட்டத் தெரிந்த மனிதர்கள் குறைவார்கள். இரண்டில் எதை இழக்கச் சம்மதம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுதான் நேர்மை.

ஓட்டுவதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள லூயிவில் நகரம். 1914இல் பிட்ஸ்பர்கில் 'ஐடில்வைல்ட்' என்ற பெயரில் கட்டப்பட்ட எஃகு உடல் கப்பலை 1962இல் அப்பகுதி நிர்வாகம் ஏலத்தில் 34,000 டாலருக்கு எடுத்து, 'பெல் ஆஃப் லூயிவில்' என்று பெயரிட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய கப்பல் நூறாண்டைக் கடந்தும் பயணிகளை ஏற்றியிருக்கிறது. அதற்கும் 1997 ஆகஸ்டில் சோதனை வந்தது: யாரோ வேண்டுமென்றே தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்துவிட்டதால், துறையில் கட்டியிருந்தபடியே பாதி மூழ்கியது. அடிப்பாகம் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்ததால் முழுவதும் போகாமல் தப்பியது. சில நாள்களில் மிதக்கவைத்துவிட்டார்கள்.

சட்டத்தின் வேலை எப்படிப்பட்டது என்பதை 'டெல்டா குவீன்' கப்பலில் காணலாம். 1920களில் கட்டப்பட்ட அதன் உடல் எஃகு, மேல்கட்டு மரம். இரவு தங்கும் பயணிகளை ஏற்றும் கப்பல்களின் மேல்கட்டு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று 1966இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் திரும்பத் திரும்ப விலக்கு அளித்துவந்து, 2008இல் நிறுத்திவிட்டது. கப்பல் சில ஆண்டுகள் சாட்டனூகா நகரில் தங்கும் விடுதியாக நின்றது. 2018 இறுதியில் மீண்டும் விலக்குக் கிடைத்தது. என்றாலும், கப்பல் உடனே ஓடிவிடவில்லை. வைட்ஹார்ஸ் தீயைப் பற்றி மேலே எழுதியதைப் படித்த பின், அந்தச் சட்டத்தை இயற்றியவர்களை வெறும் கெடுபிடிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி எதுவும் மிஞ்சவில்லையா?
— வாசகர், சென்னை

பதில்: வங்கத்து ஆறுகளில் மிஞ்சியிருக்கின்றன. 1929இல் கல்கத்தாவின் கார்டன் ரீச் பட்டறையில் கட்டப்பட்ட 'மசூத்', 'ஆஸ்ட்ரிச்' முதலிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள், பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் பிறகு வங்கதேசத்துக்கும் உரியவையாகி, டாக்காவிலிருந்து பரிசால் வழியாகத் தெற்கே பல்லாண்டு பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'ராக்கெட்'. கட்டிய காலத்தில் மற்றப் படகுகளைவிட அவ்வளவு வேகமாம். கொல்கத்தாத் துறைமுகத்திடம் இருந்த 'போபால்' என்ற கப்பலும் ஸ்காட்லாந்தில் 1940களில் கட்டப்பட்டு, நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்து, அண்மையில் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது.

ராக்கெட்டுகளில் நீராவி எஞ்சினை எப்போதோ எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திவிட்டார்கள். அருங்காட்சியகக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். எஞ்சினை மாற்றியவர்கள் சக்கரத்தை மாற்றவில்லை. அதனால்தான் அவை இத்தனை காலம் ஆற்றில் இருந்தன. நள்ளிரவில் படித்துறையை நெருங்கும்போது, டீசலின் உறுமலுக்குக் கீழே, மரத்துடுப்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை அறைந்து எழும் ஓசை 1929இல் கேட்டதுதான்.